ஷெட்டில் நாலு பைக்: பழசுக்கும் புதுசுக்கும் இன்சூரன்ஸ் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தியாவில் பதிவான, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது இது. கணக்கு புரிவதற்காக ஒரே ஆளிடம் நாலு வண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 98 சிசி யமஹா ஆர்எக்ஸ் 100, 1974-இல் பதிவான 250 சிசி யெஸ்டி, 346 சிசி பழைய புல்லட், 2024-இல் ஷோரூமிலிருந்து எடுத்த 452 சிசி ஹிமாலயன்.

நாலு வண்டியையும் ஒரே பாலிசியில் போட முடியுமா?

அடுத்தவருக்கு நம் வண்டியால் நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பகுதியைப் பொறுத்தவரை முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு கேட்கும் காப்பீடு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி. பதிவு எண், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றையும் வைத்துத்தான் சான்றிதழ் தருவார்கள். "ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தானே ஓட்டுகிறேன்" என்ற நியாயம் இங்கே எடுபடாது.

சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் மட்டும் ஒரு வழி உண்டு. ஒரே உரிமையாளரின் கார், பைக்குகளைச் சேர்த்து 'ஃப்ளோட்டர்' கொடுக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2022 ஜூலையில் அனுமதித்தது. எல்லாக் கம்பெனியும் இதை விற்பதில்லை. விற்பவர்களிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பத்து வயது தாண்டிய வண்டியைச் சேர்ப்பார்களா, ஒரு வண்டிக்குக் கிளெயிம் வாங்கினால் மற்றவற்றின் நோ கிளெயிம் போனஸும் (கிளெயிம் வாங்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) போகுமா, ஒரே வெள்ளத்தில் நாலும் மூழ்கினால் அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள். பதில் தெளிவாக வராவிட்டால் தனித்தனி பாலிசியே நல்லது. பழைய வண்டி வைத்திருப்பவருக்கு ஃப்ளோட்டரால் பெரிய லாபம் வருவது அபூர்வம் என்பது எங்கள் கணிப்பு.

அப்படியானால் சேர்த்து மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது. நிறைய பேர் தவறவிடுவதும் அதைத்தான். ஓட்டும் உரிமையாளருக்கான கட்டாய விபத்துக் காப்பீட்டின் தொகை 15 லட்சம் ரூபாய். 2018-இல் அதன் வருடப் பிரீமியத்தை 750 ரூபாயாக வைத்தார்கள். 2019 ஜனவரி முதல் அது பாலிசியிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓர் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும் என்றாகிவிட்டது. எத்தனை வண்டி இருந்தாலும் கணக்கு அதுதான். வேறு தனிநபர் விபத்துப் பாலிசியில் குறைந்தது 15 லட்சம் இருந்தால் இதுவும் வேண்டாம்.

ஆன்லைனில் புதுப்பிக்கும்போது அந்தப் பெட்டியில் பெரும்பாலும் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். நாலு வண்டிக்கும் அப்படியே விட்டால், அந்த 2018 கட்டணக் கணக்கில் 750 வீதம் 3,000 ரூபாய் போகும். மூன்றில் டிக்கை எடுத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள பாலிசி எண்ணைக் கொடுத்தால் 2,250 ரூபாய் மிச்சம். ஒரு எச்சரிக்கை: இந்தக் காப்பீடு ஆளைச் சார்ந்தது. நாலில் ஒன்று மனைவி பெயரில் இருந்தால், அவருக்கும் ஓட்டுநர் உரிமம் இருந்தால், அவருக்குத் தனியாக வேண்டும்.

தேர்டு பார்ட்டிக்கு மட்டும் எவ்வளவு ஆகும்?

2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி வருடத்துக்கு 75 சிசி வரை 538, 75-க்கு மேல் 150 வரை 714, 150-க்கு மேல் 350 வரை 1,366, 350-க்கு மேல் 2,804 ரூபாய். இதை அரசு நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியிலும் பேரம் கிடையாது. ஆர்எக்ஸ் 714, யெஸ்டி 1,366, புல்லட் 1,366. மொத்தம் 3,446. 18 சதவீத ஜிஎஸ்டியுடன் சுமார் 4,066. வண்டியின் வயது இந்தக் கட்டணத்தை மாற்றுவதில்லை. விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு இதில் பாதித் தள்ளுபடி உண்டு. பைக்குக்கு அந்தச் சலுகை இல்லை.

ஹிமாலயன் இந்தக் கூட்டலில் வராது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

புது வண்டிக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறதே, 2029 வரை கவலை இல்லைதானே?

பாதிதான் சரி. 2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். ஆனால் அதோடு ஷோரூமில் தரும் ஓன் டேமேஜ் வழக்கமாக ஒரு வருடத்துக்கு மட்டும். 2024-இல் எடுத்த வண்டிக்கு அது 2025-இலேயே முடிந்திருக்கும். அட்டையில் 2029 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், வண்டி திருடு போன பிறகுதான் தன்னிடம் சொந்தச் சேதத்துக்கு எதுவுமே இல்லை என்று தெரிந்துகொள்வார். இரண்டாம் வருடத்திலிருந்து தனி ஓன் டேமேஜ் பாலிசி எடுக்க வேண்டும். அதை வேறு கம்பெனியிலும் எடுக்கலாம்.

பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போதாதா?

சட்டத்துக்குப் போதும். போலீஸ் கேட்டால் காட்டலாம். ஆனால் அதில் விடுபடுவதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

திருட்டு, தீ, வெள்ளம் எதுவும் வராது என்பது பலருக்கும் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் விஷயம்தான் தெரியாது. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் தேர்டு பார்ட்டி காப்பீட்டில் பைக்கின் பின்சீட்டுக்காரர் அடங்க மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது. தேர்டு பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி என்றால் அவருக்கான பொறுப்பும் அடங்கும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது. ஆக, பழைய புல்லட்டில் மனைவியையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு போகிற வழக்கம் இருந்தால், வண்டியின் விலையை மறந்துவிட்டு அந்த ஒரு காரணத்துக்காகவே பேக்கேஜ் போடலாம்.

அடுத்தவரின் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு இரு சக்கர வண்டிப் பாலிசியில் வரம்பு 1 லட்சம் ரூபாய். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் வரம்பு இல்லை.

ஐம்பது வருட வண்டிக்கு ஐடிவி (பாலிசியில் எழுதும் வண்டியின் மதிப்பு) என்று என்ன போடுவது?

இங்கேதான் பழைய வண்டிக்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஐந்து வயது வரை ஐடிவிக்கு அட்டவணை உண்டு. கம்பெனி விலையிலிருந்து 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 கழியும். ஐந்தைத் தாண்டினாலோ உற்பத்தி நின்ற மாடல் என்றாலோ, இன்சூரன்ஸ் கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. சட்டென்று பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட், கம்ப்யூட்டர் காட்டும் 12,000 அல்லது 15,000 ரூபாயை அப்படியே போட்டுவிடுவார். பிரீமியம் குறைகிறதே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். ஒன்றரை லட்சம் செலவழித்துப் புதுப்பித்த யெஸ்டி காணாமல் போனால், கையில் வருவது அந்தப் பன்னிரண்டாயிரம்.

பேசி உயர்த்துவதற்குத் தாள் வேண்டும். புதுப்பித்த வேலைக்கான பில்கள் தேதியோடு, பெயிண்டுக்கும் குரோம் பிளேட்டிங்குக்கும் தனித்தனியாக. நாலு பக்கமும், ஓடோமீட்டரும், சேஸிஸ் நம்பர் பொறித்த இடமும், எஞ்சின் நம்பரும் தெரியும் படங்கள். உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ (சேதத்தை மதிப்பிடுபவர்) மதிப்பீட்டாளரிடமோ வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை. இத்தனையும் கொண்டுபோய்க் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேளுங்கள். ஆன்லைனில் இது நடக்காது. எல்லாக் கிளையும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. ஒன்று மறுத்தால் அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். பாலிசி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஐடிவி கட்டத்தை. பேசியது ஒன்று, அச்சானது ஒன்று என்று இருக்கக் கூடாது.

வெளிநாடுகளில் பழைய வண்டிகளுக்கு 'முன்பே ஒத்துக்கொண்ட மதிப்பு' பாலிசி சகஜம். இங்கே அதையே எதிர்பார்த்துப் பைக்குக்குக் கேட்டால், கிடைப்பது மேலே சொன்ன ஐடிவி பேச்சுவார்த்தைதான்.

ஐடிவி 1,20,000 என்று போட்டுவிட்டோம். விபத்துக்கு 30,000 ரூபாய் பில் வந்தால் முழுவதும் தருவார்களா?

மாட்டார்கள். ஐடிவி என்பது முழு நஷ்டத்துக்கும் திருட்டுக்குமான கணக்கு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே என்றால் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். உலோகப் பாகத்துக்கு வயதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போய், ஐந்திலிருந்து பத்து வயதுக்கு 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலியில் கழிவு கிடையாது.

பழைய புல்லட்டுக்கு டேங்க், மட்கார்டு முதலான உலோகப் பாகம் 14,000, ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2,000, ஹெட்லைட் கண்ணாடி 1,000, பெயிண்ட் 8,000, கூலி 5,000 என்று பில் போனால், கிடைப்பது முறையே 7,000, 1,000, 1,000, 7,000, 5,000. ஆக 21,000. கட்டாயக் கழிவு 100 ரூபாய் போக 20,900. பழைய பாகத்தின் பழைய இரும்பு விலையையும் கொஞ்சம் பிடிக்கலாம். இந்தக் கழிவைத் தவிர்க்கும் 'ஜீரோ டெப்' பழைய வண்டிக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஹிமாலயனுக்குக் கிடைக்கும்; இண்டிகேட்டர் முதலானவை பிளாஸ்டிக் என்பதால் அதற்குப் போடுவது நியாயமும்கூட.

இன்னொன்று: மெக்கானிக் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை ஏற்க மாட்டார்கள். பாகமும் கூலியும் பிரித்து எழுதிய முறையான பில் வேண்டும்.

ஒரு வண்டிக்குக் கிளெயிம் வாங்கினால் மற்றவற்றின் போனஸ் போய்விடுமா?

தனித்தனி பாலிசி என்றால் போகாது. நோ கிளெயிம் போனஸ் ஒவ்வொரு பாலிசிக்கும் தனியாக 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான் அது.

சின்னச் சேதத்துக்குக் கிளெயிம் கேட்கலாமா என்பதற்கு ஒரு கணக்கு. ஓன் டேமேஜ் பிரீமியம் 1,500, போனஸ் 50 சதவீதத்தில் இருக்கிறது என்போம். ஒரு கிளெயிம் வாங்கினால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி ஐம்பதுக்கு ஏறும்வரை வருடாவருடம் இழப்பது 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125. அதாவது 1,875 ரூபாய். ஜிஎஸ்டியோடு 2,200-ஐத் தாண்டும். அதைவிடக் குறைவான கிளெயிமுக்காக அலைவது வீண்.

பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். ஓட்டாமல் நிற்கும் வண்டிக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. ஹிமாலயனை விற்றால் போனஸ் சான்று வாங்கிவைத்து மூன்று வருடத்துக்குள் எடுக்கும் இன்னொரு பைக்குக்குப் போடலாம். காருக்குப் போட முடியாது. நாலையும் வைத்துக்கொண்டு ஐந்தாவது வாங்கினால் அது பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

ஓட்டாமல் ஷெட்டிலேயே நிற்கிற வண்டிக்கும் வேண்டுமா?

சட்டம் பேசுவது பொது இடத்தில் பயன்படுத்துவதைப் பற்றி. பூட்டிய ஷெட்டுக்குள் நிற்பதற்கு அபராதம் இல்லை. தள்ளிக்கொண்டுவந்து தெருவில் நிறுத்தினாலோ, கார்பரேட்டர் சரிசெய்துவிட்டு "ஒரு ரவுண்டு" போனாலோ கதை வேறு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 196-ஆவது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம்வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. அதைவிடப் பயப்பட வேண்டியது, அந்த ஒரு ரவுண்டில் யார் மீதாவது மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும் என்பதே.

ஷெட்டில் தீப்பிடித்தால் வீட்டுக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். வீட்டுப் பாலிசியில் வாகனத்தை வழக்கமாக விலக்கியிருப்பார்கள். நிறுத்திவைத்த வண்டிக்கு ஏற்றது 'தேர்டு பார்ட்டியுடன் தீ, திருட்டு மட்டும்' என்ற வகை. கிளையில் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

வண்டி இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸ் மட்டும் என் பெயரில் போடலாமா?

போட்டுக் கொடுத்துவிடுவார்கள், கிளெயிமில் நிற்காது. ஆர்சியில் இருக்கும் பெயரும் பாலிசியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, படிவம் 31 மூலம் பெயர் மாற்ற வேண்டும். அவர் பெயரிலிருந்த பாலிசியும் மூன்று மாதமோ முடிவு தேதியோ, எது முந்தியோ அதுவரைதான். வெளியாளிடம் வாங்கிய வண்டி என்றால் படிவம் 29, 30. பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி தானாகவே புது உரிமையாளருக்கு மாறிவிடும். ஓன் டேமேஜ் நீங்கள் கேட்டால்தான் மாறும்.

ஆர்சி காலாவதியாகிவிட்டது, பாலிசி உயிரோடு இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்வதற்கில்லை. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் பதிவில்லாமல் பொதுச் சாலையில் ஓடிய வண்டிக்கு ஓன் டேமேஜ் கிளெயிமை மறுப்பது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2021-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. அவை தற்காலிகப் பதிவு முடிந்த வண்டிகளின் வழக்குகள். பழைய ஆர்சிக்கும் கம்பெனிகள் அதே வாதத்தை எடுத்துவரும்.

யெஸ்டியை விண்டேஜாகப் பதிவு செய்தால் லாபமா?

அடிக்கடி ஓட்டுபவருக்கு நஷ்டம். 2021 ஜூலை விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு இது கிடைக்கும். 1974 யெஸ்டி 2024-இலேயே தகுதி பெற்றுவிட்டது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும். விண்ணப்பத்தோடு இன்சூரன்ஸும் வைக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டியின் பழைய எண் அப்படியே இருக்கும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கே 'விஏ' எழுத்துள்ள எண்.

கவனிக்க வேண்டியது பயன்பாட்டுக் கட்டுப்பாடு. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். தினசரி ஓட்டக் கூடாது. ஆபீஸ் போகும் வழியில் விபத்து என்றால், கட்டுப்பாட்டை மீறியதாகக் கம்பெனி சொல்லும்.

எஞ்சின் மாற்றிய புல்லட், பெரிய கார்பரேட்டர் போட்ட ஆர்எக்ஸ். சொல்ல வேண்டுமா?

எஞ்சின் மாறியிருந்தால் முதலில் ஆர்சியில் புது எண் ஏற வேண்டும், பிறகு பாலிசியில். விபத்துக்குப் பிறகு சர்வேயர் செய்யும் முதல் வேலையே பென்சிலைத் தேய்த்து நம்பரைப் பிரதி எடுப்பதுதான். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பேச்சு இல்லை. கம்பெனியிலிருந்து வராத விலையுயர்ந்த உதிரிகளைத் தனி மதிப்புப் போட்டுப் பாலிசியில் ஏற்றினால்தான் அவற்றுக்குப் பணம் வரும்.

ரேலிக்குப் போனால் பாலிசி செல்லுமா?

ஊர்வலமாகப் போய்க் காட்சிக்கு நிறுத்துவது பிரச்சினை இல்லை. பந்தயம், வேகச் சோதனை, வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் 'ரிலையபிலிட்டி டிரயல்' மூன்றும் பாலிசியில் விலக்கப்பட்டவை. நேரம் பிடித்து மதிப்பெண் போடும் ரேலி இந்த வரம்புக்குள் வந்துவிடக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வண்டியை லாரியிலோ ரயிலிலோ ஏற்றி அனுப்பும்போது நேரும் சேதம் பேக்கேஜ் பாலிசியில் அடங்கும்.

சைலென்சரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிடைக்குமா?

உதிரி உபகரணங்கள் தனியாகத் திருடு போனால் இரு சக்கர வண்டிப் பாலிசி தராது. வண்டியும் சேர்ந்து போக வேண்டும். பழைய வண்டியில் திருட்டுப் போவதே கார்பரேட்டரும் டூல் பாக்ஸும்தான் என்பதால் இந்த விலக்கை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள்.

முழு வண்டியே போனால் எஃப்ஐஆர், அசல் ஆர்சி, போலீஸின் 'கண்டுபிடிக்க முடியவில்லை' அறிக்கை, பிறகு இரண்டு சாவிகள். பழைய வண்டிகளுக்கு ஒரே சாவிதான் இருக்கும், அல்லது எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். அந்த நிலைமையைப் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கிய நகலை வைத்திருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. முதலில் என்ன செய்வது?

கிக்கரை உதைக்காதீர்கள், செல்ஃபும் அடிக்காதீர்கள். வெள்ளச் சேதம் பேக்கேஜில் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் கனெக்டிங் ராட் வளைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். நீர்மட்டம் தெரியும்படி படம் எடுங்கள், அன்றே தகவல் கொடுங்கள், சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள்.

ஆன்லைனில் என் மாடலே இல்லை. யார் பாலிசி தருவார்கள்?

பழைய ஆர்சி புத்தகம் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் ஏறியிருக்காது. ஆர்டிஓவில் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்லுங்கள். அதன் பிறகும் பட்டியலில் ராஜ்தூத்தோ யெஸ்டியோ இல்லையென்றால், அரசுக் கம்பெனிகளான நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகியவற்றின் கிளைக்கு நேரில் போய்க் கையால் படிவம் நிரப்பலாம். பாலிசி விட்டுப்போன வண்டி என்றால் ஓன் டேமேஜுக்கு முன் வண்டியைப் பார்ப்பார்கள். தேர்டு பார்ட்டிக்கு அது தேவைப்படாது.

கிளெயிமை அநியாயமாக மறுத்தால்?

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், சர்வேயர் அறிக்கை மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். அந்த அறிக்கையின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.